தாய் சி பழகத் தொடங்குகிறவர்களுக்கு: உடல் இளகவும் உள்வலிமை பிறக்கவும்

சீனப் போர்க்கலையான தாய் சியை நன்றாகப் பழகிய ஒருவரின் முன்கையில் உங்கள் உள்ளங்கையை வைத்து மெல்லத் தள்ளிப் பாருங்கள். தசை இறுகியிருக்காது. தொடுவதற்கு மென்மையாகத்தான் இருக்கும். ஆனாலும் அந்தக் கை பின்வாங்காது. தள்ளத் தள்ள, அவரையன்றி அவர் நிற்கும் தரையைத் தள்ளிக்கொண்டிருப்பதுபோல் தோன்றும். அவர் இடுப்பைச் சற்றே திருப்பினால் பெயர்வது உங்கள் கால்தான். சீனர்கள் இந்தத் தன்மையைப் ‘பங்’ என்கிறார்கள். உள்வலிமை, உள்ளாற்றல் என்றெல்லாம் நாம் பேசுவது, கையால் தொட்டு உணரக்கூடிய இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

புதிதாக வருகிறவர்களின் கண் பெரும்பாலும் கைகளின்மேல் போய் நிற்கிறது. கைகள் மிதப்பதைப் பார்த்து அவர்களும் கைகளை மிதக்க விடுகிறார்கள். இடுப்பு கட்டையாக நிற்க, கைகள் மட்டும் காற்றில் அலைகின்றன. அசைவின் நெகிழ்ச்சி கையில் பிறப்பதில்லை. தேவையில்லாத இறுக்கம் உடலை விட்டுப் போய், பாதமும் இடுப்பும் கையும் ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே நேரத்தில் முடிக்கும்போது பிறக்கிறது. உள்வலிமை பிறப்பதும் அதே இடத்தில்தான். ஆகவே இரண்டுக்கும் தனித்தனிப் பயிற்சி தேடி அலைய வேண்டாம். நிற்பது, திரும்புவது, அடியெடுத்து வைப்பது, அதன் பிறகே அசைவுத் தொடர் என்ற வரிசையைக் கலைக்காமல் போனால் இரண்டும் சேர்ந்தே வரும்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்வது சென் குடும்பத்துப் பாணியை ஒட்டியது. சீனாவின் ஹெனான் மாகாணத்தில், மஞ்சள் ஆற்றுக்கு வடக்கே இருக்கும் சென்ஜியாகோவ் என்ற சிற்றூர்தான் அதன் பிறந்தகம். மிங் அரசு வீழ்ந்த 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சென் வாங்திங்கிலிருந்து அந்தக் குடும்பம் தன் கலை மரபைக் கணக்கிடுகிறது. ஊருக்குள்ளேயே இருந்த கலையை, சென் சாங்சிங்கிடம் கற்ற யாங் லூசான் 19ஆம் நூற்றாண்டில் பெய்ஜிங்குக்குக் கொண்டுபோனார். இன்று பூங்காக்களில் நாம் காணும், தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே வேகத்தில் ஓடும் தாய் சி பெரும்பாலும் அவர் வழியில் வந்தது. சென் குடும்பத்தின் சொந்தப் பாணியோ 1928இல் சென் ஃபாக்கே பெய்ஜிங்கில் குடியேறிக் கற்பிக்கத் தொடங்கிய பிறகுதான் வெளியே பரவலாகத் தெரியவந்தது. அதில் மெதுவான அசைவுகளுக்கு நடுவே திடீரென்று ஒரு குத்து வெடிக்கும், ஒரு கால் தரையை அறையும். மெதுவாகப் பழகுவது எதற்காக என்பது அந்த வெடிப்பைப் பார்த்த பிறகுதான் புரிகிறது. புதியவர்களுக்கு இந்தப் பாணியை நான் பரிந்துரைப்பதற்கு அதுவே காரணம்.

தொடங்கும் முன்

மெல்லிய, தட்டையான அடி கொண்ட காலணி போதும். குதிகால் உயர்ந்த ஓட்டக் காலணி உடலை முன்னே சாய்க்கும். வழுக்கும் பளிங்குத் தரை வேண்டாம். மொட்டை மாடியின் சிமெண்ட் தளமோ இறுகிய மண்தரையோ நல்லது. இடுப்பை இறுக்காத உடை. சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் விடியற்காலையை விட்டால் நல்ல நேரம் அமைவது கடினம்.

முழங்காலில் அறுவை செய்துகொண்டவர்கள், இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுத்துக்கொள்கிறவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.

பயிற்சிக்கு முன் கழுத்து, தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்று மேலிருந்து கீழாக ஒவ்வொரு மூட்டையும் மெதுவாகச் சுழற்றுங்கள். ஐந்து நிமிடம் போதும். இழுத்து நீட்ட வேண்டியதில்லை.

முதலில் நிற்க வேண்டும்

சீன மொழியில் இதற்கு ‘ஜான் ஜுவாங்’ என்று பெயர். நட்டுவைத்த கம்பமாக நிற்பது. பல குங்ஃபூப் பள்ளிகளிலும் ஏதோ ஒரு வடிவில் இது உண்டு. 1920களில் யீச்சுவான் என்ற கலையை உருவாக்கிய வாங் சியாங்ஜாய், நிற்பதையே தன் பயிற்சியின் மையமாக வைத்தார். அசையாமல் நிற்பதால் அசைவு எப்படி வரும் என்று கேட்பவர்கள் உண்டு. நிற்கும்போது இறுகியிருக்கும் தோள், நடக்கும்போதும் குத்தும்போதும் இறுகித்தான் இருக்கும். அசைவில் அது கண்ணுக்குத் தெரியாது. நின்றால் வலித்துக் காட்டிக்கொடுக்கும்.

நிற்கும் முறை இது. பாதங்களைத் தோள் அகலத்துக்கு விரித்து, ஒன்றுக்கொன்று இணையாக வையுங்கள். விரல்கள் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் நேராக்குங்கள். எடை குதிகாலிலும் இல்லாமல் விரல்களிலும் இல்லாமல் பாதத்தின் நடுவில் விழ வேண்டும். முன்னும் பின்னும் மெல்ல ஆடிப் பார்த்தால் அந்த இடம் பிடிபடும். முழங்காலை மடக்கிக் கீழே போவதாக நினைக்காதீர்கள். பின்னால் உயரமான ஒரு முக்காலி இருப்பதாக எண்ணி அதன் விளிம்பில் உட்காரப் போங்கள். அப்போது தொடையும் வயிறும் சந்திக்கும் மடிப்பு உள்வாங்கும், முழங்கால் தானாக இளகும். இந்த மடிப்பை சீன ஆசிரியர்கள் ‘க்வா’ என்பார்கள். அது திறந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. முழங்கால் விரல் நுனியைத் தாண்டி முன்னே போகக் கூடாது.

இனி முதுகு. வால் எலும்பு தரையை நோக்கித் தொங்கட்டும். அதைப் பலவந்தமாக முன்னே சுருட்டாதீர்கள். கீழ்முதுகின் வளைவு சற்றுத் தட்டையானால் போதும். மார்பை நிமிர்த்த வேண்டாம், குழிக்கவும் வேண்டாம். உச்சந்தலையை ஒருவர் மெல்ல மேலே தூக்குவதாக நினைத்துக்கொண்டால் முகவாய் தானாகச் சற்று உள்ளே போகும், கழுத்தின் பின்புறம் நீளும். நுனிநாக்கு மேலண்ணத்தைத் தொடட்டும். பற்களைக் கடிக்காதீர்கள்.

கடைசியாகக் கைகள். பெரிய மரம் ஒன்றைக் கட்டிக்கொள்வதுபோல் இரண்டு கைகளையும் மார்பளவுக்கு உயர்த்தி வளையுங்கள். உள்ளங்கைகள் மார்பைப் பார்க்கட்டும். விரல்களுக்கு நடுவே இடைவெளி இருக்கட்டும். முழங்கை தோளைவிடவும் மணிக்கட்டைவிடவும் தாழ்ந்திருக்க வேண்டும். அக்குளில் ஒரு முட்டை வைக்கும் அளவு வெற்றிடம் விடுங்கள். கண்களை மூடாமல் தொலைவில் எதையும் குறிவைக்காமல் பாருங்கள்.

முதல் வாரத்தில் மூன்று நிமிடம் போதும். வாரத்துக்கு ஓரிரு நிமிடம் கூட்டி, சில மாதங்களில் இருபது நிமிடத்துக்கு வரலாம். அவசரப்பட்டுக் கூட்டுவதில் ஒரு பயனும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அரை மணி நேரம் நிற்பவர் இறுக்கத்தைத்தான் பழகுகிறார்.

நிற்கும்போது சும்மா இருக்கக் கூடாது. மனத்துக்கு ஒரு வேலை உண்டு. புருவத்தில் தொடங்குங்கள். புருவம், தாடை, தொண்டை, தோள், முழங்கை, மணிக்கட்டு, மார்பு, வயிறு, இடுப்பு மடிப்பு, முழங்கால், உள்ளங்கால் என்று ஒவ்வொரு இடமாகப் போய், அங்கே இறுக்கம் இருந்தால் மூச்சு வெளியேறும்போது அதையும் விடுங்கள். இப்படி இறுக்கம் விட்டு, ஆனால் தொய்ந்து போகாமல் இருக்கும் நிலைக்குச் ‘சோங்’ என்று பெயர். தாய் சி ஆசிரியர்கள் மாணவர்களிடம் ஆயுள் முழுவதும் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒற்றைச் சொல் இதுதான். உள்ளங்காலை அடைந்ததும் மறுபடி புருவத்துக்கு வாருங்கள். அதற்குள் அது மீண்டும் சுருங்கியிருப்பதைக் காண்பீர்கள்.

இரண்டு மூன்று நிமிடத்தில் தோள் எரியும். சிறிது நேரத்தில் தொடை நடுங்கும். இரண்டும் இயல்பு. தோளின் மேற்தசை கையைத் தூக்கிப் பிடித்துக் களைத்துப்போன பிறகுதான், முதுகும் விலாவும் சேர்ந்து அந்தக் கையைத் தாங்க வழி தேடும். அந்த மாற்றம் நிகழும் கணத்தில் கை திடீரென்று எடையிழந்ததுபோல் இருக்கும். நான் இந்தப் பயிற்சியை உயர்வாக மதிப்பது அந்தக் கணத்துக்காகத்தான். அதை எந்த விளக்கத்தாலும் கற்பிக்க முடியாது. நின்று பெற வேண்டியதுதான். கூர்மையான முழங்கால் வலி, தலைசுற்றல், கண் இருட்டுவது ஆகியவை மட்டும் வேறு. அவை வந்தால் உடனே நிமிர்ந்து மெதுவாக நடங்கள்.

முடிக்கும்போது கைகளை உதறிவிட்டு ஓடாதீர்கள். உள்ளங்கைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடிவயிற்றில் வைத்து, சில மூச்சுகள் நின்று, பிறகு நிமிருங்கள்.

பட்டு நூல் சுழற்சி

நிற்பது ஓரளவு வசப்பட்ட பிறகு, ஒரு மாதம் என்று வைத்துக்கொள்ளலாம், அதே நிலையை அசைத்துப் பார்க்கிறோம். சென் பாணியின் ‘சான் சி’ பயிற்சி இது. பட்டுக்கூட்டிலிருந்து நூல் இழுப்பதை வைத்து இந்தப் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். வெடுக்கென்று இழுத்தால் நூல் அறுந்துவிடும். நிறுத்தி நிறுத்தி இழுத்தால் சிக்கிக்கொள்ளும். ஒரே சீராக, சுழற்றிக்கொண்டே இழுக்க வேண்டும். சென்ஜியாகோவின் இன்றைய தலைமுறையில் பெயர்பெற்ற சென் சியாவ்வாங், தொடர் முழுவதிலும் பரவிக் கிடந்த இந்தச் சுழற்சியைத் தனியாகப் பிரித்து எளிய பயிற்சிகளாக்கினார். வெளிநாட்டு மாணவர்கள் பலர் தாய் சிக்குள் நுழைந்தது அந்த வாசல் வழியாகத்தான்.

ஒற்றைக் கைச் சுழற்சியைப் பார்ப்போம். கால்களைத் தோள் அகலத்தைவிடச் சற்று அதிகமாக விரியுங்கள். இடது கையை இடுப்பில் வையுங்கள். வலது கை வலப்பக்கம் தோளளவில், முழங்கை தாழ்ந்து, உள்ளங்கை வெளியே பார்த்தபடி நீண்டிருக்கட்டும். எடை வலது காலில் அதிகம்.

இப்போது வலது தோளையும் முழங்கையையும் தளர விடுங்கள். எடை மெல்ல இடது காலுக்கு மாற மாற, கை கீழிறங்கி வலது இடுப்புப் பக்கம் வருகிறது. உள்ளங்கை மேல்நோக்கித் திரும்பத் தொடங்குகிறது. அடுத்து இடுப்பு இடப்பக்கம் திரும்ப, கை அடிவயிற்றுக்கு முன்னால் கடந்துபோகிறது. இதுவரை சேர்ப்பது. இனி விரிப்பது. எடை வலது காலுக்குத் திரும்பும்போது கை இடது மார்புக்கு முன்னால் எழுகிறது, உள்ளங்கை வெளிப்பக்கம் சுழல்கிறது. கடைசியில் இடுப்பு வலப்பக்கம் திரும்ப, கை வளைந்து தொடங்கிய இடத்துக்கே போய்ச் சேருகிறது. அங்கே நிற்காமல் அடுத்த சுற்றுக்குள் நுழைகிறது.

நான்கு கட்டங்களையும் முதலில் நிறுத்தி நிறுத்திச் செய்யுங்கள். வரிசை பிடிபட்ட பிறகு மூலைகளை அழியுங்கள். வலது கையில் இருபது சுற்று, இடது கையில் இருபது சுற்று, பிறகு எதிர்த்திசையில். எண்ணிக்கையைவிட ஒரே வேகம் முக்கியம். வளைவின் மேல்பகுதியில் கை வேகமெடுப்பதும் கீழே இழுபடுவதும் எல்லோருக்கும் நேர்வது. அதைக் கவனித்துச் சமப்படுத்துவதுதான் பயிற்சியே.

இதில் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டிய கேள்வி, கையை யார் நகர்த்துகிறார்கள் என்பது. ஒரு சோதனை சொல்கிறேன். சுற்றின் ஏதாவது ஓர் இடத்தில் இடுப்பை மட்டும் நிறுத்துங்கள். கை அதே கணத்தில் நின்றால் அதை இடுப்பு நகர்த்தியிருக்கிறது. கை இன்னும் ஒரு சாண் போய்விட்டு நின்றால் தோள் நகர்த்தியிருக்கிறது. இந்தச் சோதனையை நாள்தோறும் செய்யுங்கள். இடுப்பு என்றதும் இடுப்பு எலும்பை முறுக்க வேண்டும் என்று பொருளில்லை. தொப்புளுக்குச் சற்றுக் கீழே, வயிற்றுக்கு உள்ளே ஓர் உருண்டை திரும்புவதாக எண்ணி, அதைச் சுற்றி உடற்பகுதி திரும்பட்டும். ‘தான்தியென்’ என்று சீனர்கள் குறிப்பிடுவது அந்த இடம்தான். நிற்கும் மனித உடலின் எடை மையம் ஏறத்தாழ அங்கேதான் இருக்கிறது என்பதால், அதிலிருந்து அசையச் சொல்வதில் மந்திரம் ஏதும் இல்லை.

இன்னொரு சோதனை, மூன்று சோடிகளைப் பார்ப்பது. தோளும் இடுப்பு மூட்டும், முழங்கையும் முழங்காலும், கையும் பாதமும் ஒன்றையொன்று தொடர்ந்து போக வேண்டும். இதை ‘வெளி மூன்று இணைப்புகள்’ என்பார்கள். கண்ணாடி முன் நின்றோ, கைப்பேசியில் பதிவு செய்தோ பாருங்கள். கை வலது கோடிக்குப் போய்விட்டது, எடை இன்னும் இடது காலிலேயே இருக்கிறது என்றால் சோடி பிரிந்துவிட்டது.

முழங்காலைப் பற்றி

இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தாய் சி யாருக்கும் தீங்கு செய்யாது என்ற நம்பிக்கையில் முழங்காலைக் கெடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். எடை மாறும்போது முழங்கால் உள்பக்கம் சரிவதுதான் பெரும்பாலான கேட்டுக்குக் காரணம். முழங்கால் மடங்கவும் நீளவும் ஏற்ற மூட்டு. எடையைச் சுமந்துகொண்டு முறுக்கப்படுவதை அது தாங்காது. திரும்புவது இடுப்பு மூட்டிலும் கணுக்காலிலும் நிகழட்டும். முழங்கால் எப்போதும் தன் பாதத்தின் நடுவிரல் இருக்கும் திசையையே பார்க்கட்டும். பாதத்தின் கோணத்தை மாற்ற வேண்டுமானால் முதலில் அந்தக் காலிலிருந்து எடையை எடுத்துவிட்டு மாற்றுங்கள். சென் பாணியில் தாழ்ந்து நிற்பவர்களின் படங்களைப் பார்த்து முதல் ஆண்டிலேயே அந்த உயரத்துக்கு இறங்க வேண்டாம். உயரமாக நின்று சரியாகத் திரும்புகிறவர் தாழ்ந்து நின்று தவறாகத் திரும்புகிறவரைவிட வெகு தூரம் முன்னே இருக்கிறார்.

அடியெடுத்து வைப்பது

நாம் நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் சிறிது விழுந்து, விழும் உடலை அடுத்த காலால் பிடிக்கிறோம். தாய் சி நடையில் விழுவது கிடையாது. எடை முழுவதையும் ஒரு காலுக்கு மாற்றுங்கள். மற்றக் கால் வெறுமையாகட்டும். அது வெறுமையானதா என்று தெரிந்துகொள்ள, உடல் ஆடாமல் அதைத் தூக்க முடிகிறதா என்று பாருங்கள். தூக்கிய காலை முன்னே கொண்டுபோய்க் குதிகாலால் தரையைத் தொடுங்கள். தொடுவதோடு நிறுத்துங்கள், எடை போக வேண்டாம். நினைத்தால் அந்தக் காலைத் திரும்ப எடுத்துவிடலாம் என்ற நிலையில் ஒரு மூச்சு இருங்கள். பிறகு பாதம் படியட்டும், எடை மெல்ல அதற்குள் இறங்கட்டும். முன்னும் பின்னும் உள்ள பாதங்கள் ஒரே கோட்டில் வராமல், பக்கவாட்டில் தோள் அகலத்தை விட்டு வைத்தால் சமநிலை குலையாது.

அறையின் நீளத்துக்குப் போய்வருவதை ஐந்து நிமிடம் செய்யுங்கள். தலை மேலும் கீழும் போகாமல் ஒரே உயரத்தில் நகர வேண்டும். எடை மாறுவதைக் கவனித்துப் பழகும் இந்த எளிய வேலை உடலுக்கு என்ன செய்கிறது என்பதை மருத்துவர்களும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் பார்க்கின்சன் நோயாளிகள் 195 பேரிடம் நடத்தப்பட்டு 2012இல் வெளியான ஆய்வில், வாரத்துக்கு இருமுறை வீதம் ஆறு மாதம் தாய் சி பழகியவர்களுக்கு நிலைதடுமாறாமல் நிற்கும் திறன் மற்றப் பயிற்சிகளைச் செய்தவர்களைவிடக் கூடியிருந்தது.

மூச்சு

மூக்கின் வழியாக இயல்பாக விடுங்கள். எந்த அசைவுக்கு உள்ளிழுப்பது, எந்த அசைவுக்கு வெளிவிடுவது என்று முதல் ஆண்டில் கணக்கிடாதீர்கள். மூச்சை அடக்காதீர்கள். வயிற்றை உள்ளிழுத்துச் சுவாசிக்கும் முறைகளைக் காணொளி பார்த்துச் செய்யாதீர்கள். தோளும் மார்பும் தளர்ந்தால் மூச்சு தானாக அடிவயிற்றுக்கு இறங்கும். அசைவு சீரானால் மூச்சு நீளும். நமக்கு இதில் வேறு வேலை இல்லை.

அசைவுத் தொடர்

இப்போது தொடருக்கு வரலாம். சென் பாணியின் பழைய முதல் தொடரில் எழுபதுக்கும் மேற்பட்ட அசைவுகள் உண்டு. முழுவதையும் கற்றுக்கொள்ள ஓராண்டு ஆகலாம். அது மலைப்பாக இருந்தால், சீன அரசின் விளையாட்டு ஆணையம் 1956இல் யாங் பாணியிலிருந்து சுருக்கி அமைத்த 24 அசைவுத் தொடரில் தொடங்கலாம். ஐந்தாறு நிமிடத்தில் முடிந்துவிடும். கற்பிக்கிறவர்களும் எளிதாகக் கிடைப்பார்கள்.

எதை எடுத்தாலும் முதல் ஐந்து அசைவுகளில் நன்றாகத் தங்குங்கள். வாரம் ஓர் அசைவு என்று சேகரித்துக்கொண்டே போகிறவர்கள் கடைசி அசைவை எட்டும்போது முதல் அசைவு கையை விட்டுப் போயிருக்கும். ஒவ்வொரு புதிய அசைவையும் மூன்று முறை கடந்து வாருங்கள். முதல் முறை கால்கள் மட்டும்: எடை எங்கே, எந்தப் பாதம் எந்தத் திசை. இரண்டாம் முறை இடுப்பு எப்போது எந்தப் பக்கம் திரும்புகிறது. மூன்றாம் முறை கைகள். இப்படிக் கற்றவருக்குக் கைகள் தனியாக அலைவதில்லை. இடுப்பு திரும்பும்போது கூடவே வருகின்றன.

அசைவுக்கும் அசைவுக்கும் நடுவேதான் ஒழுக்கு அறுபடும். ஒரு நிலையை முடித்ததும், முடித்துவிட்டோம் என்று உடல் ஒரு கணம் பூட்டிக்கொள்ளும். அதைத் தவிர்க்க ஒரு வழி: முடிவு நிலைக்குப் பத்தில் ஒன்பது பங்கு போனதும் அடுத்த அசைவின் எடை மாற்றம் பாதத்தில் தொடங்கிவிடட்டும். மேலே கை முடிப்பதற்குள் கீழே கால் தொடங்கியிருக்கும். மூட்டுகளையும் முழுதாக நீட்டிப் பூட்டாதீர்கள். முழங்கையிலும் முழங்காலிலும் எப்போதும் சிறிது வளைவு மிச்சம் இருக்கட்டும்.

சென் பாணியில் வரும் வெடிக்கும் குத்துகளையும் தரையை அறையும் கால் அடிகளையும் முதல் ஆண்டில் மெதுவாகவே செய்யுங்கள். ‘ஃபாஜின்’ எனப்படும் அந்த வெடிப்பு, காலிலிருந்து இடுப்பு வழியாகத் தடையில்லாமல் கைக்கு வர வேண்டியது. தோளில் தடை இருக்கும்போது அதைச் செய்தால் அடி எதிரிக்குப் போகாது. உங்கள் முழங்கையிலேயே தங்கிவிடும்.

‘சி’ என்னும் உள்ளாற்றல்

சில வாரங்கள் நின்றதும் உள்ளங்கை சூடாகும். விரல் நுனி பருத்ததுபோல் துடிக்கும். இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே ஏதோ தடுப்பது போலவும் தோன்றலாம். இதைச் ‘சி’ ஓடுவதன் அடையாளம் என்று மரபு சொல்கிறது. உடல் தளரும்போது கையின் இரத்தக் குழாய்கள் விரிந்து சூடு கூடுகிறது என்று உடலியல் சொல்லும். பழகுகிறவர் இவ்விரண்டில் எதை ஏற்றாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான். வந்தால் வரட்டும், போனால் போகட்டும் என்று இருந்துவிட்டு, தோளையும் இடுப்பு மடிப்பையும் கவனிப்பது. அந்தச் சூட்டைத் தேடி நிற்கத் தொடங்கினால் கவனம் முழுவதும் கையில் ஏறிவிடும், கால் காலியாகிவிடும்.

உள்வலிமையை உணர்ச்சியால் அளக்காதீர்கள், வேலையால் அளந்து பாருங்கள். நிற்கும்போது நண்பர் ஒருவரை உங்கள் வளைந்த முன்கையில் கை வைத்துச் சிறிது சிறிதாக அழுத்தத்தைக் கூட்டச் சொல்லுங்கள். எதிர்த்துத் தள்ளாதீர்கள். அந்த அழுத்தம் முழங்கை, தோள், முதுகு, இடுப்பு, கால், உள்ளங்கால் என்று தரைக்குப் போக வழி விடுங்கள். எங்கே தடைபடுகிறதோ அங்கே உடல் வளையும் அல்லது இறுகும். ஐந்து விநாடி தாங்கியவர் இரண்டு மாதம் கழித்து அதே அழுத்தத்தில் பேசிக்கொண்டே நிற்க முடிந்தால் ஏதோ வளர்ந்திருக்கிறது.

தொடாமலே ஆளைத் தள்ளுவேன், கை வீச்சில் பத்துப் பேரைச் சாய்ப்பேன் என்கிறவர்களிடமிருந்து விலகி இருங்கள். 2017 ஏப்ரலில் சீனாவின் செங்டூ நகரில் கலப்புப் போர்க்கலை வீரர் ஷூ சியாவ்தோங், தன்னைத் தாய் சி ஆசிரியர் என்று அறிவித்துக்கொண்ட ஒருவரைச் சில விநாடிகளில் வீழ்த்திய காட்சி நாடு முழுவதும் பரவியது. பலர் அதைத் தாய் சியின் தோல்வி என்றார்கள். எதிர்ப்புக் கொடுக்கும் ஓர் ஆளோடு பழகாத எந்தக் கலைக்கும் அந்த முடிவுதான் கிடைக்கும் என்பது என் கருத்து. சென்ஜியாகோவில், இருவர் சேர்ந்து பழகும் கைதள்ளுப் பயிற்சி இல்லாமல் தாய் சி இல்லை.

இருவராகப் பழகுவது

கைதள்ளுக்கு ‘துய் ஷோவ்’ என்று பெயர். தொடக்கம் எளிது. இருவர் எதிரெதிரே வலது காலை முன்வைத்து நின்று, வலது மணிக்கட்டின் வெளிப்புறங்களை ஒட்டவைக்கிறார்கள். ஒருவர் மற்றவரின் மார்பை நோக்கி மெதுவாகத் தள்ளுகிறார். அவர் எதிர்க்காமல், கையை விலக்கவும் செய்யாமல், எடையைப் பின்காலுக்கு மாற்றி இடுப்பைத் திருப்பி அதைப் பக்கத்தில் கடத்திவிட்டுத் திருப்பித் தள்ளுகிறார். கைகள் கிடைமட்டமாக ஒரு வட்டம் போடுகின்றன. தொடுகை பிரியவும் கூடாது, அழுத்தம் கூடவும் கூடாது. எதிராளியின் எண்ணம் அசைவாவதற்கு முன்பே தோலில் தெரியத் தொடங்கும். இதைக் ‘கேட்பது’ என்கிறார்கள். யார் வென்றது என்று பார்க்கத் தொடங்கினால் இருவருக்குமே காது அடைத்துவிடும். முதல் ஆறு மாதம் வெற்றி தோல்வி பேசாதீர்கள்.

ஆசிரியரும் நாள் ஒழுங்கும்

இத்தனை எழுதியும், தொட்டுத் திருத்தும் ஒரு கைக்கு எழுத்து ஈடாகாது. சென்ஜியாகோவுக்கே அது நேர்ந்தது. ஊரில் கற்பிக்க ஆளில்லாமல் கலை தேய்ந்துகொண்டிருந்த நிலையில், பணி ஓய்வு பெற்ற சென் ஜாவ்பெய் 1958இல் திரும்பி வந்து இளைஞர்களைச் சேர்த்துக் கற்பித்தார். பின்னாளில் உலகம் சுற்றிக் கற்பித்த சென் சியாவ்வாங், சென் ஜெங்லெய், வாங் சியான், ஜூ தியான்சாய் ஆகிய நால்வரும் அவரிடம் பழகியவர்கள். நூல்கள் அங்கே இருந்தன. குறையாக இருந்தது ஆசிரியர்தான்.

ஆசிரியரைத் தேடும்போது மூன்றைப் பாருங்கள். உங்கள் தோளையும் இடுப்பையும் தொட்டுத் திருத்துகிறாரா? தன் முன்கையைத் தள்ளிப்பார்க்க உங்களை அனுமதிக்கிறாரா? ஐந்து ஆண்டு பழகிய அவருடைய மாணவர்களின் முழங்கால் நன்றாக இருக்கிறதா? உங்கள் ஊரில் யாரும் இல்லையென்றால், ஆண்டுக்கு ஒருமுறை எங்கேயாவது நடக்கும் சில நாள் முகாமுக்குப் போய்த் திருத்திக்கொண்டு வந்து, மற்ற நாட்களில் தனியாகப் பழகுங்கள். திருத்தங்களை அன்றே எழுதிவையுங்கள்.

நிற்பது ஓரளவு வசப்பட்ட பிறகு, நாள்தோறும் அரை மணி நேரம் ஒதுக்க முடிந்தால் ஐந்து நிமிடம் மூட்டுச் சுழற்சி, பத்து நிமிடம் நிற்பது, பத்து நிமிடம் பட்டு நூல் சுழற்சி, ஐந்து நிமிடம் நடை. மூன்று மாதம் இதை மட்டும் செய்யுங்கள். அதன் பிறகு நடையைக் குறைத்துத் தொடரின் முதல் அசைவுகளைச் சேருங்கள். தொடர் நீள நீள நேரமும் நீளும். அப்போது நிற்கும் நேரத்தில் கைவைக்காதீர்கள், வேறெதையாவது குறையுங்கள். பயணத்திலோ விருந்தினர் வந்த நாளிலோ பத்து நிமிடம்தான் கிடைக்கிறதென்றால் அந்தப் பத்து நிமிடமும் நிற்பதற்கே. காய்ச்சல் நாட்களில் அதுவும் வேண்டாம்.